நாய்க்குத் தெரிந்த வேலி

எங்கள் வளவுக்கு மூன்று பக்கம் வேலி இருந்தது. நாலாவது பக்கத்தில் வழக்கு இருந்தது.

தொண்டைமானாற்றில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. மேற்கே அடுத்த வளவு மாமியுடையது. மாமி என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அவருடைய புருசனும் என் அப்பாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். ஒரு வருசம் வேலி அடைக்கும்போது கதியால் தடியை யார் எந்தப் பக்கம் தள்ளி நட்டது என்று கதை தொடங்கி, அது வாய்ச்சண்டையாகி, கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குப் பிறகும் இருவரும் விடியப்புறம் ஒரே வள்ளத்தில்தான் கடலுக்குப் போனார்கள். தவணை நாளில் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய் ஒருவருக்கு எதிராக மற்றவர் நின்றார்கள். முதலில் ஏறியவர் மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பாராம்.

இருவரும் செத்துப்போனார்கள். வழக்குச் சாகவில்லை. அண்ணை கப்பலில் திரிந்ததால் அது எனக்கும் மாமிக்கும் வந்து சேர்ந்தது.

சண்டைக்குரிய துண்டு பெரிய நிலமில்லை. ஒரு மாட்டு வண்டில் போகலாம், அவ்வளவு அகலம். எல்லை அந்தத் துண்டுக்கு மேற்கே, மாமி வீட்டுப் பக்கம் என்று அப்பா சொன்னார். இல்லை, கிழக்கே, எங்கள் வீட்டுப் பக்கம் என்று மாமியின் புருசன் சொன்னார். துண்டின் நடுவில் ஒரு பனை. வழக்கு முடியும்வரை இரண்டு பகுதியும் அந்தத் துண்டில் ஒரு தடிகூட ஊன்றக்கூடாது என்று உத்தரவு. அதனால் பழைய வேலி உக்கி, ஓலைக் கிடுகு காற்றோடு போய், கதியாலில் துளிர்த்ததை ஆடு தின்று, கடைசியில் வெறும் மணல்தான் மிச்சம். பனையிலிருந்து விழுகிற பழத்தை நாங்களும் எடுப்பதில்லை, அவர்களும் எடுப்பதில்லை. எடுத்தால் உரிமை கொண்டாடியதாகிவிடும். பழம் கிடந்து வளவெல்லாம் மணக்கும்.

எங்கள் நாய் மட்டும் எடுத்தது.

மண்ணிற நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். நான் பூவரசின் கீழே இருந்து வலை பொத்தும்போது வலைக் குவியலின் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டது கடலுக்குப் போவதற்காக. ஆனால் வள்ளம் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே எனக்குக் கை கால் குளிர்ந்துவிடும். காற்று மாறினால் என்ன செய்வது, பலகை விட்டால் என்ன செய்வது என்று மற்றவர்கள் நினைக்காததையெல்லாம் நான் நினைப்பேன். அதனால் கரையிலேயே இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்துகிற ஆளாகிவிட்டேன். அந்த வேலைக்கு நாய் நல்ல துணை. ஒன்றும் கேட்காது.

மாமி கருவாடு போடுகிறவர். விதவையான பிறகு அதுதான் அவருடைய சீவியம். மீனைக் கீறி உப்புப் போட்டு, வளவு முழுக்கப் பாயிலும் கிடுகிலும் பரப்பிக் காயவிடுவார். எங்கள் பக்கம் காற்றடித்தால் நாயின் மூக்கு உயரும். பிறகு நாயைக் காணோம். திரும்பி வரும்போது வாயில் ஏதாவது இருக்கும்.

ஒருநாள் காலை மாமி தன்னுடைய பக்கத்தில் நின்று கூப்பிட்டார்.

“தம்பி, உன்ரை நாய் என்ரை கட்டாக் கருவாட்டை இழுத்துக்கொண்டு போகுது.”

“கட்டி வைக்கிறன் மாமி.”

“உப்பிடித்தான் போனமுறையும் சொன்னனி. இனி வந்துதெண்டால் சோத்துக்கை மருந்தைப் போட்டு வைப்பன். பிறகு மாமி சொல்லேல்லை எண்டு சொல்லாதை.”

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். மாமி சத்தம் போடுகிற ஆள்தான். அன்று உலை கொதிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதற்குக் கொஞ்ச நாளைக்கு முதல் ஒழுங்கை முடிவிலிருந்த வீட்டு நாய் ஒன்று கடற்கரையில் வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததுபோல இருந்தது.

சங்கிலி போட்டேன். நாய் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்து இறுகி நின்றது. அவிழ்த்துவிட்டேன். நீளமான கயிற்றில் கட்டினேன். கடித்து அறுத்தது. வீட்டுக்குள் வைத்துச் சாத்தினேன். அது ஊளையிட்ட ஊளையில் மனைவி, “இஞ்சேருங்கோ, ஒண்டில் நாய் உள்ளுக்கு இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்” என்றாள்.

எங்கள் பக்கத்திலேயே, துண்டைத் தொடாமல், உள்ளுக்கு ஒரு வேலி போட்டால் என்ன என்று எங்களுக்காக வழக்குப் பேசுகிற பிரக்கிராசியிடம் போய்க் கேட்டேன். அவர் கதிரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“விசரே உமக்கு? நீரே உள்ளுக்கு வேலி போட்டால் அதுதான் எல்லை எண்டு ஒத்துக்கொண்டதாப் போகும். கொப்பர் இவ்வளவு காலம் நடந்ததெல்லாம் வீண்.”

வேலி போட்டால் நிலம் போகும். போடாவிட்டால் நாய் போகும். சாப்பிடும்போதும் இதே நினைப்பு. நாய் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினாலும் கிட்டப் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

அப்போதுதான் அண்ணை வந்தார். அண்ணை வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்கிறவர். ஒரு கப்பல் முடிந்து அடுத்த கப்பல் கிடைக்கும்வரை எங்களோடு வந்து நிற்பார். நான் வலை பொத்திக்கொண்டே நாயின் கதையைச் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அமெரிக்காவிலை ஒரு துறைமுகத்திலை கப்பல் திருத்த நிண்டது. எங்களோடை வேலை செய்த ஒருத்தன் தனக்குத் தெரிஞ்ச வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். முன்னுக்கு வேலியுமில்லை, மதிலுமில்லை, படலையுமில்லை. வெறும் புல்லு. அதுக்கங்காலை ரோட்டு. ஒரு பெரிய நாய் குலைச்சுக்கொண்டு ஓடி வருது. நான் திரும்பி ஓடப் பாக்கிறன். நாய் புல்லு முடியிறதுக்குக் கொஞ்சம் இஞ்சாலை சடாரெண்டு நிண்டிட்டுது.”

“சங்கிலியோ?”

“சங்கிலியும் இல்லை, கயிறும் இல்லை. ஒண்டுமில்லை.”

“அப்ப என்னெண்டு நிண்டது?”

அண்ணை பெட்டியைத் திறந்து ஒரு கழுத்துப்பட்டியை எடுத்துத் தந்தார். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. வீட்டுக்காரர்கள் பழுதென்று எறியப் பார்த்ததை வாங்கி வந்திருந்தார். வளவைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு கம்பியைத் தாட்டிருப்பார்களாம். வீட்டுக்குள் இருக்கிற இன்னொரு பெட்டியிலிருந்து அந்தக் கம்பிக்கு ஏதோ ஓடுமாம். நாய் கம்பிக்குக் கிட்டப் போனால் கழுத்துப் பெட்டி முதலில் ‘கீ’ என்று கத்துமாம். அதையும் மீறிப் போனால் கரண்ட் அடித்த மாதிரிச் சுண்டுமாம். கம்பியே இல்லாமல், ரேடியோ மாதிரிக் காற்றிலேயே அனுப்பலாமா என்றும் பார்க்கிறார்களாம்.

நான் பட்டியை மணந்து பார்த்தேன். காதில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே ஏதோ கழன்று ஆடியது.

“அண்ணை, கரண்ட் நிண்டால்?”

“நாய் ஓடித் தப்பும்.”

“ஏதோ ஒரு முறை நோவையும் தாங்கிக்கொண்டு பாய்ஞ்சிட்டுது எண்டு வையுங்கோ. திரும்பி வீட்டுக்கு வரேக்கையும் அடிக்குமோ?”

அண்ணை அதை யோசித்திருக்கவில்லை. “அடிக்கும்போலை.”

“அப்ப பாவம், வீட்டைப் பாத்துக்கொண்டு வெளியிலையே நிக்குமே.”

“டேய், நீ நாயைப்பற்றிக் கேக்கிறியோ, உன்னைப்பற்றிக் கேக்கிறியோ?”

எங்கள் வீட்டில் கரண்டே இல்லை. குப்பி விளக்குத்தான். அந்தப் பட்டியால் பயன் இல்லை என்று வைத்துவிடப் போனபோது அண்ணை இன்னொன்று சொன்னார். பட்டியைப் போட்டவுடனே நாய்க்கு ஒன்றும் விளங்காதாம். முதலில் கம்பி போகிற வழியெல்லாம் சின்னச் சின்னக் கொடி நடுவார்களாம். நாயைக் கயிற்றில் பிடித்து அந்தக் கொடிகளுக்குக் கிட்டக் கொண்டுபோவார்களாம். பெட்டி கத்தும். உடனே கயிற்றை இழுத்து நாயை உள்ளே ஓட வைத்துத் தின்ன ஏதாவது கொடுப்பார்களாம். நாய் பழகிய பிறகு கொடிகளை எடுத்துவிடுவார்களாம்.

“கொடியை எடுத்த பிறகும் நிக்குமோ?”

“நான் பாத்த இடத்திலை கொடி ஒண்டும் இல்லையே.”

அன்று முழுக்க எனக்கு வலையில் கண் ஓடவில்லை. கொடி இல்லை, வேலி இல்லை. ஆனால் நாய் நிற்கிறது. அப்படியென்றால் அது எதைப் பார்த்து நிற்கிறது? கத்துகிற பெட்டிக்குப் பதிலாக வேறு எதுவும் கத்தினால் ஆகாதா?

என் சைக்கிளின் பெல்லைக் கழற்றினேன். பெல் இல்லாத சைக்கிளில் போனால் பொலிஸ் பிடிக்குமே என்று அதற்கும் பயந்து, அன்றிலிருந்து கடைக்கு நடந்தே போனேன். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஈர்க்கில் கட்டிக் கொடிகள் செய்தேன். விடிந்ததும் அப்பா சொன்ன எல்லையில், பனைக்கு மேற்கே, வரிசையாகக் குத்தி வைத்தேன். வேறு எங்கே குத்துவது? எனக்குத் தெரிந்த எல்லை அதுதான்.

முதலில் வந்தது ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண். சந்நிதி கோயிலுக்குப் போகிற வழியில் ஒழுங்கையிலிருந்து வெள்ளைக் கொடிகளைக் கண்டிருக்கிறார். எங்கள் ஊரில் வெள்ளைக் கொடி கண்டால் செத்தவீடுதான். படலையைத் தள்ளிக்கொண்டே, “ஐயோ, என்ரை ராசா, கப்பலிலை போனவனுக்கோ...” என்று தலையில் கை வைத்துக் குரலெடுத்தார். அண்ணை சாரத்தோடு வாயில் பற்பொடி நுரையோடு கிணற்றடியிலிருந்து வந்து, “ஆரணை செத்தது?” என்று கேட்டார். அந்தப் பெண் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் மாமி கண்டுவிட்டார்.

“எல்லை போடுறியோடா? கோயிலுக்குப் போற வழியிலை சனம் பாக்கத்தக்கதாக் கொடி நட்டு எல்லை போடுறியோ? கேக்க ஆளில்லை எண்டு நினைச்சியோ?”

“மாமி, இது நாய்க்கு.”

“நாய்க்குக் கொடியோ? நாய் என்ன எலெக்சன் கேக்குதோ?”

போய் ஊர் விதானையாரைக் கூட்டிவந்தார். விதானையார் வந்து கொடிகளைப் பார்த்தார், என் கையிலிருந்த பெல்லைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். நான் அமெரிக்க நாயின் கதையைச் சொன்னேன். அண்ணை உள்ளே போய்ப் பட்டியைக் கொண்டுவந்து காட்டினார். விதானையார் அதைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, “உது நல்ல சாமான். மனிசருக்கும் இருக்கோ?” என்று கேட்டார். பிறகு சொன்னார், “தம்பி, வழக்குத் துண்டிலை ஊண்டாதை. ஆருக்கும் சந்தேகமில்லாத உன்ரை நிலத்திலை ஊண்டு. ஈர்க்கிலைப் பாத்து ஒருதரும் வேலி எண்டு சொல்லமாட்டினம்.”

அப்படித்தான் கொடிகள் பனைக்குக் கிழக்கே வந்தன. மாமி வீட்டுக் கணக்கின்படி எல்லை எதுவோ, சரியாக அந்த இடத்தில். அப்போது நான் அதை யோசிக்கவில்லை. வெள்ளைத் துணியையும் மாற்றி, கிழிந்த நீல நைலோன் வலைத் துண்டுகளைக் கட்டினேன்.

காலையும் பின்னேரமும் பழக்கினேன். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கொடிக்கு நடப்பேன். கிட்டப் போனதும் பெல்லை அடிப்பேன். கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்துக்கொண்டு இருவரும் வீட்டு வாசலுக்கு ஓடுவோம். வாசலில் ஒரு துண்டுக் கருவாடு. கருவாடு தவிர வேறெதற்கும் நாய் அசையாது. கருவாடு மாமியிடம்தான் இருந்தது.

“இப்ப உங்கடை வீட்டிலை ஒவ்வொரு நாளும் கருவாட்டுக் கறியோ தம்பி?”

“நாய்க்கு மாமி. உங்கடை கருவாட்டை எடாமல் இருக்கப் பழக்கிறதுக்கு.”

மாமி ஒரு கட்டுக் கருவாட்டை எடுத்து நீட்டினார். “அப்ப முந்தி களவெடுத்துத் திண்டது, இப்ப வாங்கித் தின்னுது. நல்ல முன்னேற்றம்தான்.”

மனைவி குசினி வாசலில் நின்று நாங்கள் ஓடுவதைப் பார்ப்பாள். “உங்களையும் ஆரோ சின்னனிலை கடற்கரையிலை கொடி நட்டுப் பழக்கியிருக்கினம்” என்பாள்.

நாய் எப்போது விளங்கிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கயிறு கை நழுவிவிட்டது. நாய் மாமியின் பக்கம் ஓடியது. பெல்லை அடிக்கவும் மறந்துபோனேன். கொடிக்கு இரண்டு முழம் இருக்க, நாய் தானாகவே நின்றது. முன்கால் ஒன்று தூக்கியபடி. பிறகு திரும்பி வாசலுக்கு ஓடிப்போய் இருந்து என்னைப் பார்த்தது. கருவாடு எங்கே என்று கேட்பதுபோல.

அதற்குப் பிறகு எனக்குப் பயத்தைவிட ஆவல் கூடியது. கொடிகளை ஒன்றொன்றாகப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் நாய் அதே இடத்தில் நின்றது. மணலில் மணம் ஏதும் இருக்கிறதோ என்று நினைத்து, அந்த இடத்து மணலை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டேன். அதே இடத்தில் நின்றது. சோளகக் காற்று மணலை அள்ளி எறிந்து நிலத்தின் முகமே மாறின நாளிலும் அதே இடத்தில் நின்றது. பனையைப் பார்த்து அளவு வைத்திருக்கிறதோ? வீட்டு மூலையைப் பார்த்தோ? நான் நாலு காலில் இருந்து நாயின் உயரத்துக்கு முகத்தை வைத்தும் பார்த்தேன். மணலும் மாமி வீட்டுச் சுவரும்தான் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து வலை கொண்டுவந்த ஒருவர், என்ன தொலைந்தது என்று கேட்டுத் தானும் குனிந்து தேடத் தொடங்கினார்.

ஒரு பிழை மட்டும் நடந்தது. ஒழுங்கையால் யார் சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனாலும் நாய் எங்கிருந்தாலும் வாசலுக்கு ஓடியது. முன்பு தபால்காரரைக் கண்டால் காலைக் கடிக்கப் போகும். இப்போது அவர் படலையடியில் பெல்லை அடித்தால் இது பின்னங்கால் பிடரியில் பட ஓடியது. தபால்காரர் அதற்காகவே எங்களுக்குக் கடிதம் இல்லாத நாளிலும் பெல் அடித்துவிட்டுப் போனார்.

அண்ணையிடம் கேட்ட கேள்வி எனக்குள் இருந்தது. வெளியிலிருந்து வந்தால் என்ன செய்யும்? மாமி யாழ்ப்பாணச் சந்தைக்குப் போன ஒருநாள், நாயைக் கயிற்றில் பிடித்து, படலையால் இறங்கி, கடற்கரைப் பக்கமாகச் சுற்றி மாமியின் வளவுக்குள் கொண்டுபோனேன். அந்த வழியால் அது மறுப்பில்லாமல் வந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டைப் பார்த்து அவிழ்த்துவிட்டேன். ஓடியது. பனையைத் தாண்டியது. எங்கள் வாசல் கண்ணுக்கு முன்னால் இருக்க, அதே இடத்தில், இந்த முறை மற்றப் பக்கத்தில், நின்றுவிட்டது. அழுதது. பிறகு வந்த வழியே கடற்கரைக்கு ஓடி, ஒழுங்கையால் ஏறி, படலையால் வீட்டுக்கு வந்தது. நான் மாமியின் வளவில் தனியே நின்றேன். வழக்குத் துண்டைக் கடக்கப் பயந்து நானும் சுற்றித்தான் வந்தேன்.

இந்தப் புதினம் ஊரில் பரவியது. ஆட்கள் வந்து பார்த்தார்கள். மாமியும் தன்னுடைய பக்கத்தில் நின்று பார்த்தார். நாய் அவருடைய மீனைத் தொடுவதே இல்லை. நாயின் உயிருக்கு இனிப் பயமில்லை என்று நான் நிம்மதியாக இருக்கத் தொடங்கிய நேரத்தில் அண்ணை கடைத்தெருவிலிருந்து கோபத்தோடு வந்தார்.

“மாமி என்ன சொல்லிக்கொண்டு திரியிறா தெரியுமோ? அவன்ரை நாய்க்கே தெரியுது எல்லை எதெண்டு, மனிசருக்குத்தான் தெரியேல்லை எண்டு. அடுத்த தவணைக்கு இதைத் தன்ரை பிரக்கிராசியிட்டைச் சொல்லப் போறாவாம்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நாய்க்குப் பழக்கியது மாமி வீட்டு எல்லையை.

“நாயை மாத்திப் பழக்கு. பனைக்கு அங்காலை, அப்பா சொன்ன இடத்திலை நிக்கப் பழக்கு.”

“அண்ணை, மாத்தப் போனால் குழம்பிப்போகும். ஒருக்கால் எல்லை மாறும் எண்டு தெரிஞ்சால் பிறகு எந்த எல்லையிலையும் நிக்காது. மாமியின்ரை மீனுக்குப் போகும்.”

“அப்ப அப்பாவின்ரை நிலம் போகட்டும் எண்டுறியோ?”

அன்று பின்னேரம் நாயைக் கயிற்றில் பிடித்துத் துண்டுக்குள் இழுத்துப் பார்த்தேன். நாலு காலையும் மணலில் ஊன்றி நடுங்கியது. இழுத்த இழுப்பில் கழுத்துக் கயிறு தலையால் கழன்றது. எனக்கு மனம் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது நாய் தன் இடத்தில் படுத்திருந்தது. அதன் மூக்குக்கு நேரே, எல்லைக்கு அங்கால், பனையடியில் ஒரு பெரிய கட்டாத் துண்டு. நடுத்துண்டு, கொழுத்தது. நாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து வீணீர் வடிந்து மணலில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருக்கிறதோ தெரியாது.

மாமி இவ்வளவு நல்ல துண்டைச் சும்மா எறிகிற ஆளில்லை. எனக்கு மருந்துதான் நினைவுக்கு வந்தது.

எடுக்கவேண்டும். ஆனால் அது கிடந்தது வழக்குத் துண்டுக்குள். அதற்குள் கிடக்கும் எதையும் எடுக்காதே என்று கேட்டே வளர்ந்தவன் நான். மாமி கண்டால் இன்னொரு வழக்கு. நாயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் அந்தக் கட்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நாய் மெல்ல எழுந்து ஒரு காலை முன்னால் வைத்தது. நான் பாய்ந்து போய்க் கருவாட்டைத் தூக்கினேன்.

“தம்பி! வை அதை!”

மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். நானும் விடவில்லை.

“இதிலை என்ன போட்டிருக்கிறியள் மாமி? அது உங்கடை பக்கம் வாறதில்லையே. பிறகும் ஏன்?”

மாமி என்னைப் பார்த்தார். கையிலிருந்ததைப் பார்த்தார். வந்து அதைப் பிடுங்கி, ஓரத்தில் ஒரு கடி கடித்துப் பச்சையாகவே மென்றார். மென்று விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார்.

“பார். மருந்தோ? மருந்து வைக்கிறவள் பழஞ்சோத்திலை வைப்பாள். கட்டாவின்ரை நடுத்துண்டிலை வைப்பாளோ, விசரா?”

“அப்ப ஏன் வைச்சனியள்?”

மாமியின் முகம் கொஞ்சம் மாறியது. “வருமோ வராதோ எண்டு பாக்க. எத்தினை நாளாப் பாக்கிறன். மீன் தலையைப் போட்டன், வரேல்லை. சூடை மீனைப் போட்டன், வரேல்லை. நேற்று நினைச்சன், நல்லதைப் போட்டுப் பாப்பம் எண்டு. பாவி நாய், அழுதுகொண்டு படுத்திருக்குது, ஒரு அடி வைக்குதில்லை. என்னத்தைக் காணுது அதிலை?”

“எனக்கும் தெரியாது மாமி. நானும் நாலு காலிலை நிண்டு பாத்தனான்.”

“கண்டனான்” என்று சிரித்தார். “நானும் நீ கடைக்குப் போன நேரம் குந்தியிருந்து பாத்தனான்.”

அப்போதுதான் நாங்கள் இருவரும் வழக்குத் துண்டின் நடுவில் பனையடியில் நிற்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. மாமிக்கும் தெரிந்தது. இருவரும் அசையவில்லை. நாய் அந்தப் பக்கம் நின்று வாலை ஆட்டியது.

“உன்ரை கொப்பருக்கும் சரியாத் தெரியாது, என்ரை மனிசனுக்கும் சரியாத் தெரியாது” என்றார் மாமி. “ஒராள் ஒண்டைச் சொன்னது எண்டதுக்காக மற்றாள் வேறை சொன்னது. அவர் வெறியிலை எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறார்.”

“மாமி, நாய் நிக்கிற இடத்திலை வேலியைப் போடுவம்.”

இதை நான் முதலே நினைத்து வைக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகு அண்ணையின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் இழுத்தெடுக்கவும் மனமில்லை. நாயை மாற்றிப் பழக்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

“கொண்ணன் விடுவானோ?”

“வழக்கு என்ரை பேரிலை.”

“பனை என்ரை பக்கம் வருமே.”

“வரட்டும்.”

மாமி பனையை அண்ணாந்து பார்த்தார். “பழம் நாய்க்கு” என்றார்.

அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “இத்தினை வருசமா நீதவானாலை முடியேல்லை, நாய் முடிச்சுப்போட்டுது” என்று தொடங்கினார். பிறகு போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் தானே அந்தக் கதையைச் சொன்னார். பிரக்கிராசிமார் இருவரும் எழுதவேண்டியதை எழுதினார்கள். எங்களுடையவர் என்னைப் பார்த்து, “கட்சிக்காரன் நாயின்ரை புத்தியைக் கேட்டால் நான் என்ன செய்யிறது?” என்றார்.

பங்குனியில் வேலி அடைத்தோம். கயிற்றின் ஒரு தலைப்பை மாமி பிடித்தார், மற்றதை நான் பிடித்தேன். அண்ணை கிளுவங் கதியால் நட்டார். பச்சையாகப் பின்னிய கிடுகு, ஆள் உயரத்துக்கு. இவ்வளவு நல்ல வேலி அந்த ஒழுங்கையிலேயே இல்லை. நாய் வாசலில் இருந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முடியவில்லை. நாயைக் காணோம். வளவெல்லாம் தேடி, கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வேலியடிக்கு வந்தேன். பனைக்கு நேரே கிடுகின் அடியில் மணலைக் கிளறி நாய் தான் நுழையுமளவுக்கு ஒரு பொட்டுப் போட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மாமியின் அடுப்படி வாசலில், சாம்பலுக்குப் பக்கத்தில், மடிந்த காதை நிலத்தில் வைத்துப் படுத்திருந்தது. வெறும் மணலாக இருந்தபோது கட்டாவுக்கும் தாண்டாத நாய், வேலி வந்ததும் அதற்குக் கீழால் போயிருக்கிறது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலி மறைத்ததில் அதன் அடையாளம் தொலைந்துபோயிருக்கலாம். நாங்கள் மூவரும் அந்த இடத்தில் நின்று வேலை செய்ததைப் பார்த்து, இனிப் போகலாம் என்று நினைத்திருக்கலாம்.

“மாமி,” என்று பொட்டுக்குள்ளால் கூப்பிட்டேன். “நாய்...”

“கிடக்குது, கிடக்கட்டும். காலமை வந்தது. சோறு வைச்சனான், நல்ல சோறுதான், பயப்படாதை.” பிறகு வேலிக்குக் கிட்ட வந்தார். “ஆனால் மத்தியானம் மீன் விரிக்கவேணும். உன்னட்டை அந்தப் பெல் கிடக்குதோ?”

சைக்கிளில் திரும்பவும் பூட்டியிருந்த பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து பொட்டுக்குள்ளால் நீட்டினேன். மாமியின் உப்புக் கை வந்து வாங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் பெல் அடித்தது. நாய் பொட்டால் புகுந்து, என் காலில் இடித்துக்கொண்டு, எங்கள் வாசலுக்கு ஓடியது. போய் இருந்துகொண்டு, கருவாட்டுக்காக என்னைப் பார்த்தது.

நான் நடந்துதான் கடைக்குப் போனேன், அதற்குப் பிறகும்.